காலண்டர் காளை

ஜூலை 9, வியாழன்

கலப்பினக் காளைகளில் எதன் விந்து ஊர்களுக்குப் போக வேண்டும் என்ற பட்டியலை நான்தான் தயாரிக்கிறேன். இந்த வருடம் முதலில் நின்றவன் கரியன். திமில் கிடையாது, ஆள் கம்பீரம். அலுவலகக் காலண்டரில் படமே போட்டுவிட்டார்கள்.

இன்று மதியம் ஏதோ உறுத்தியது. மரபணுவில் வெளிநாட்டு இனத்தின் பங்கை ஒதுக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். கரியன் நடுவில் போய் உட்கார்ந்தான். என் பழைய கணக்கு அவன் தரத்தை அளக்கவே இல்லை. அவனுக்குள் ஹோல்ஸ்டீன் என்ற அந்த வெளிநாட்டு இனம் எவ்வளவு என்றுதான் பார்த்திருக்கிறது. முதலிடத்துக்கு வந்தது, யாரும் கண்டுகொள்ளாத ஒரு திமில்காரச் சிவப்பன்.

"நாளைக்குக் கமிட்டி மேடம். காலண்டர் அச்சாயிடுச்சே!" என்று, நான் சொன்னதைக் கேட்டதும் தெலுங்கில் புலம்பினார் மேலதிகாரி. கணக்கை எடுத்துக்கொண்டு ஹப்சிகுடா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தோசை ஊற்றும்போது மகளிடம் சொன்னேன். அவள் மொபைலிலிருந்து நிமிரவில்லை.

"அப்போ ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினது அவனோட தாத்தாவா, மம்மி?"

"ஹவ்," என்றேன், ஆமாம் என்பதை ஹைதராபாத் பாணியில்.

புதுப் பட்டியலை இப்போதுதான் அனுப்பினேன். காலண்டரில் கரியனே இருக்கட்டும். முகத்துக்கு ஒரு குறையும் இல்லை.