செண்பகத்தை என்ன செய்வாய் என்று கேட்டாய்

நேற்று எட்டரை மணி சீரியலில் மறுபடியும் அந்த வரியைப் போட்டார்கள். கல்யாண வீட்டுக் காட்சி. மாப்பிள்ளையின் அண்ணன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறான். முந்தாநாள் வரை இருந்த முகம் இல்லை. புது முகம், புது மீசை. திரையின் கீழே "இனி இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்து வந்து, படித்து முடிப்பதற்குள் மறைந்தது. அவன் பெண்டாட்டி ஒன்றும் கேட்கவில்லை. பழைய புருஷனுக்குப் போட்ட காபியைப் புதியவனிடம் நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே உன் ஞாபகமும் வந்தது. நீ இருந்திருந்தால் அந்த ஒரு டம்ளர் காபியை வைத்தே பஸ் ஆம்பூர் போய்ச் சேரும்வரை கதையை ஓட்டியிருப்பாய்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியை வாளியில் ஊறப்போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாய். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் கிடைத்திருக்கிறது.

நம் கம்பெனி பஸ் ஆலங்காயத்தில் கிளம்பி வாணியம்பாடி வழியாக ஆம்பூர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பெண்கள் எல்லோரும் அதில்தான். பாதிப் பேருக்குச் சீரியல் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஓவர்டைம் முடிந்து வீட்டுக்குப் போனால் அடுப்பு காத்திருக்கும், ரிமோட் ஆம்பளை கையில் இருக்கும். அவர்களுக்கும் சேர்த்து நீ பார்த்தாய். காலையில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் எங்களைப் பார்த்தமாதிரி உட்கார்ந்து, முந்தின நாள் கதையைச் சொல்லுவாய். மாமியார் குரல் உனக்கு அப்படியே வரும். சண்டை முற்றுகிற இடத்தில் சரியாக வாணியம்பாடி வரும். நீ கதையை நிறுத்திவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடிப்பாய். "விளம்பரம்" என்பாய். டிரைவர்கூட திரும்பிப் பார்த்து முறைப்பார்.

அந்த இன்ஜின் பெட்டிமேல் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். சூடு தாங்காது என்பது ஒரு காரணம். உன் வாய்க்குப் பயந்தது பெரிய காரணம்.

சீரியலில் செண்பகத்தைக் கொன்ற வாரம் உனக்கு நினைவிருக்கும். கதையே அவள் கதை. புகுந்த வீட்டில் எல்லோரிடமும் ஏச்சு வாங்கி, பிறகு ஒவ்வொருவராகத் தன் பக்கம் இழுத்தவள். ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று ஏலகிரி போல ஏதோ ஒரு மலைப்பாதையில் காரை உருட்டிவிட்டார்கள். முகத்தைக் காட்டவில்லை. ஒரு கையை மட்டும் காட்டினார்கள், அடுத்த காட்சியில் போட்டோவுக்கு மாலை. மறுநாள் நம் பஸ் ஆட்களே இரண்டாகிவிட்டார்கள். அந்த நடிகைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றது ஒரு கூட்டம். டைரக்டரோடு தகராறு என்றது இன்னொரு கூட்டம். நான்தான் போனில் பேட்டியெல்லாம் பார்த்து வைத்திருந்த மேதாவியாயிற்றே, பாடம் எடுத்தேன். சினிமாவில் வாய்ப்பு வந்தால் போய்விடுவார்கள், வேறு சேனலில் ஜாஸ்தி கொடுத்தால் போய்விடுவார்கள், பார்க்கிறவர்கள் கம்மியானால் சேனலே ஆளைத் தூக்கிவிடும், பெரிய பாத்திரம் செத்தால் அந்த வாரம் எல்லோரும் பார்ப்பார்கள் என்றேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய்.

"அவ போறதுன்னா போவட்டும்டி. அவ பொழப்பு அது," என்றாய். "ஆனா இத்தினி வருசமா நம்ம வூட்டு ஆளா இருந்தவளுக்கு ஒரு நல்ல சீன் வெச்சு அனுப்ப வேணாமா? காட்டுனது அவ கையே இல்ல. அவ அந்த மாதிரி வளையல் போட்டதே இல்ல."

உன் கோபம் சாவில் இல்லை, அனுப்பிய விதத்தில் இருந்தது. அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

இந்தப் பேச்செல்லாம் கம்பெனி கேட்டுக்குள், டீ நேரத்தில். அன்று காலை பஸ்ஸில் நடந்தது வேறு. கட்டிங் பக்கம் வேலை செய்கிற பவுனக்கா ஏறினாள்; டீ நேரத்தில் எங்களோடு இருக்கமாட்டாள். அவள் வீட்டு டிவி பாழாகி வெகுநாள் ஆயிற்று. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. செண்பகத்துக்குக் குழந்தை பிறக்க வேண்டும் என்று மாரியம்மன் கோயிலில் மஞ்சள் துணி முடிந்துவிட்டு வந்தவள் அவள். நாம் கேலி செய்தபோதுகூட, யாருக்காக வேண்டிக்கொண்டால் என்ன என்று கேட்டாள். அவள் உன்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, செண்பகம் எப்படி இருக்கிறாள் என்பதுதான். ராத்திரி பார்த்துவிட்டு வந்த நாங்களெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

நீ இன்ஜின் பெட்டிமேல் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தாய்.

"நல்லாத்தான் இருக்கா," என்றாய்.

அந்த ஒரு வார்த்தையால் உனக்கு எத்தனை வேலை! டிவியில் செண்பகத்தின் புருஷன் வேறொருத்தியைக் கட்டினான். நம் பஸ்ஸில் அதே புருஷன் செண்பகத்திடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டான். டிவியில் அவள் போட்டோ சுவரில் தொங்கியது. நம் பஸ்ஸில் அவள் ஊறுகாய்க் கம்பெனி ஆரம்பித்தாள். ராத்திரி ஒரு கதையைப் பார்த்து, காலைக்குள் இன்னொரு கதையைக் கட்டி எடுத்துவந்தாய். பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பவுனக்காவுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் எங்களுக்கும் உன் கதைதான் நன்றாக இருந்தது.

நடுவில் நாத்தனார் வேஷத்துக்கு வேறு பெண் வந்தபோது பஸ் முழுக்க அவளைத் திட்டித் தீர்த்தது. மூக்கு சரியில்லை, அழத் தெரியவில்லை, பழையவளின் கால்தூசிக்கு ஆகமாட்டாள் என்றெல்லாம் பேசினோம். ஒருத்தி போனிலேயே சேனலுக்குக் கண்டபடி எழுதிப்போட்டாள். நீயும் இரண்டு நாள் எங்களோடு சேர்ந்து திட்டினாய். மூன்றாம் நாள் நிறுத்திவிட்டாய்.

"அந்தப் பொண்ணு இன்னாடி பண்ணுச்சு? எடம் காலின்னாங்க, கூப்ட்டாங்க, வந்திருக்கா. நாமளும் அப்டித்தானே மெஷின்ல வந்து குந்துனோம்?"

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தாய். லீவு நீண்டது. பஸ்ஸில் கேட்டால் துபாய் போய்விட்டதாகச் சொல் என்றாய் என்னிடம். சீரியலில் எல்லோரையும் அங்கேதானே அனுப்புகிறார்கள் என்று சிரித்தாய். உனக்கு மெலிந்த முகத்தைக் காட்டப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் வந்தது. முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டியதற்கு ஊரைக் கூட்டியவள் நீதான், இப்போது நீயே அதைச் செய்யப் பார்க்கிறாயா என்று சண்டை போட்டேன். மறுநாளே பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே உன் வீட்டுக்கு வந்துவிட்டது. டிரைவரும் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார், யாருக்கென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நீ என்னோடு பேசவில்லை. முதுகைக் காட்டிப் படுத்திருந்தாய். பவுனக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செண்பகம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அவ்வளவுதான், நீ தலையணையை நிமிர்த்திவைத்து எழுந்து உட்கார்ந்தாய். மூச்சு வாங்க வாங்க அரை மணி நேரம் கதை சொன்னாய். மாமியார் குரலில் சத்தம் கொஞ்சம் கம்மி. மற்றபடி எல்லாம் இருந்தது.

எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நான் போய்ட்டா செண்பகத்தை இன்னா பண்ணுவே?" என்று கேட்டாய். அப்படிப் பேசாதே என்று மழுப்பினேன். நீ கையை விடவில்லை. பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

நீ போன பிறகு பஸ் சத்தமில்லாமல் ஓடியது. ஆளாளுக்கு ஒரு போன், காதில் ஒயர். இன்ஜின் பெட்டி காலியாக வந்தது. பவுனக்கா எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் உன் மெஷினுக்கு எஸ்தர் வந்தாள். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில்தான் வீடு. புருஷன் கட்டிட வேலையில் விழுந்து படுத்துவிட்டான். இவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். சூப்பர்வைசர் லைன் நடுவில் நின்று, இனிமேல் அந்த மெஷினில் இவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்த எழுத்தையும் கீழே ஓடவிட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். பஸ்ஸில் அவள் ஏறியதும் காலி சீட்டிலெல்லாம் சாப்பாட்டுப் பைகள் ஏறிக்கொண்டன. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? காலியாக இருந்த இன்ஜின் பெட்டிமேல் போய் உட்கார்ந்தாள், எங்களைப் பார்த்தமாதிரி. அத்தனை முகமும் ஒரே சமயத்தில் சுளித்ததைப் பார்த்திருந்தால் நீ எழுந்து வந்து அறைந்திருப்பாய். அடுத்த நாளிலிருந்து அவள் ஆம்பூர் வரை நின்றுகொண்டே வந்தாள்.

தையல் நன்றாகத்தான் போட்டாள். ஆனாலும் அவள் போட்ட தையலில் யாராவது ஒரு குறை கண்டுபிடித்தார்கள். போன சனிக்கிழமை கை கழுவும் இடத்தில் என்னிடம், மாதம் முடிந்ததும் நின்றுவிடப்போகிறேன் அக்கா, இங்கே என்னை யாருக்கும் ஆகவில்லை என்றாள். அழவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு நீ நாத்தனாருக்காகப் பேசிய பேச்சு காதில் கேட்டது. உன் இடத்தை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைத்துக்கொண்டிருந்தோம். அங்கேயே முடிவு செய்தேன். இந்தப் பெண் நிற்கக்கூடாது. பஸ்ஸிலும் சரி, வேலையை விட்டும் சரி.

திங்கட்கிழமை அவள் ஏறியதும் கையைப் பிடித்து என் ஜன்னல் சீட்டில் உட்காரவைத்தேன். பவுனக்காவுக்குப் பக்கத்துச் சீட்டு அது. நான் போய் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தேன். சூடு என்றால் சூடு, எப்படித்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்தாயோ. எல்லோரும் காதிலிருந்து ஒயரைக் கழற்றினார்கள். எனக்குக் கதை சொல்ல வராது, உனக்கே தெரியும். மாமியார் குரல் கிழட்டு ஆட்டுக் குரலாக வந்தது. இருந்தாலும் விடவில்லை. ஊறுகாய்க் கம்பெனிக்குச் சீல் வைக்க வந்த கொழுந்தனைச் செண்பகம் வாசலிலேயே மடக்கிக் கேள்வி கேட்டாள் என்று ஆரம்பித்தேன்.

எஸ்தர் குழம்பிப்போய் நிமிர்ந்தாள். அவள் வீட்டில் டிவி இருக்கிறது.

"அக்கா, செண்பகம்தான் கார்ல செத்துப்போய்ட்டாளே. எப்பவோ ஆச்சே," என்றாள்.

இத்தனை காலம் இத்தனை பேர் கட்டிக்காத்ததை அவள் ஒரு வரியில் உடைத்துவிட்டாள். பின்சீட்டில் ஒருத்தி பல்லைக் கடித்தது எனக்கே கேட்டது. எஸ்தர் முகம் வெளுத்தது. தான் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமலே எழுந்து நிற்கப்போனாள். எல்லோரும் பவுனக்காவைப் பார்த்தோம்.

பவுனக்கா எஸ்தரின் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"குந்து. செத்தது எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள். "பக்கத்து வூட்டு டிவி சத்தம் என் வூட்டுக்குள்ளதான் கேக்கும். இந்தப் பெட்டி மேல குந்தி கதை சொன்னவ கிட்ட வந்து கேட்டேன். நல்லாத்தான் இருக்கான்னா. சரின்னு கேட்டுக்கினேன். டிவில போனவ போனவதான். இந்த பஸ்ஸுல அவ உயிரோடதான் இருக்கா, தெரிஞ்சிக்கோ."

அவளுக்காக நீ பொய் சொன்னாய் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவள் உனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். முதல் நாள் காலையிலேயே தெரிந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் தெரியாதவள்போல அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. பஸ் வாணியம்பாடிக்குள் நுழைந்தது. கதை சொல்கிறவள் அழுதால் விளம்பரம் என்றாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, அதைச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். தண்ணீர் பாட்டிலை எஸ்தர்தான் நீட்டினாள்.

குடித்து முடிப்பதற்குள் அவள் கேட்டாள்:

"அப்புறம் அந்த கொழுந்தன் இன்னா சொன்னான்?"

என்ன சொன்னான் என்று எனக்கே தெரியவில்லை. அவன் வாயடைத்துப் போய்விட்டான் என்றேன். அது சரியில்லை, அவன் அவ்வளவு லேசுப்பட்டவன் இல்லை, வக்கீலைக் கூட்டிவந்திருப்பான் என்றாள் எஸ்தர். பின்சீட்டுக்காரி, பல்லைக் கடித்தவளேதான், வக்கீலுக்கும் பதில் வைத்திருந்தாள். ஆம்பூர் வந்தது தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு சீட்டிலும் பை இல்லை.

எஸ்தர் நிற்கப்போவதில்லை என்று நேற்று மெஷினில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். உன் மெஷின் என்று இன்னும் எங்கள் வாயில் வருகிறது. அவளும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டாள். உனக்குப் பதில் யாரும் இல்லை. உன் இடத்தில் அவள் இருக்கிறாள். இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அந்தச் சேனல்காரனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

உன்னைப் பற்றி எஸ்தர் கேட்டாள். துபாய் போய்விட்டாய் என்று நான் சொல்லவில்லை. செத்துப்போய்விட்டாய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நீ எழுந்து உட்கார்ந்து சொன்ன அந்த அரை மணி நேரத்தையும் சொன்னேன். உன்னை முகத்தைக் காட்டித்தான் அனுப்பினோம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

துணி ஊறியது போதும், போய்த் துவைக்க வேண்டும். செண்பகத்தை என்ன செய்வாய் என்று கேட்டாயே. நாளைக்கு வக்கீலோடு அவளுக்குச் சண்டை. இந்தப் பஸ் ஓடுகிறவரை அவளைச் சாகவிடமாட்டேன். பவுனக்கா ஏறி வந்து கேட்பாள். நல்லாத்தான் இருக்கா என்பேன்.