ஏரிக்கரைக் கதவத்தில் இட்ட முத்திரை

வாழி! நீர் குன்றா ஏரியும் நெல் குன்றா வயலும் உடைய வெண்கரை நாட்டுக்கு அரசியாய், ஒலிமங்கலத்து அரியணையில் வீற்றிருக்கும் வெண்குழலி நாச்சியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் அம்பலத்தரையன் எழுதுவது. அலை ஓயாத உப்புத்துறைக் கோட்டைக்குத் தலைவராம் பெருஞ்சாத்தனார் காண்க. உம்முடைய கொத்தளங்கள் உறுதியாய் நிற்க. உம்முடைய வீட்டார் நோயின்றி வாழ்க. வாழ்த்து இவ்வளவே, நேரம் இல்லை. உப்புத்தீவுக்குக் கிளம்பும் படகில் விலங்கோடு உட்கார்ந்திருக்கும் கதவக்காப்பான் விடங்கனை, மேற்கொண்டு வாசிக்கும் முன்பே, கரையில் இறக்குக.

இறக்கிவிட்டீரா? இனிக் காரணம் கேளும்.

நம் தலைநகரின் நாதமாடத்தை நீர் அறிவீர். மாடத்தில் யாழும் குழலும் இசைக்க, மண்ணுக்கடியில் ஓடும் சுடுமண் குழாய்கள் அவ்விசையைச் சுமந்து சென்று, தெருமுனைகளில் நிற்கும் வெண்கலப் பூக்களின் வழியே மெல்லச் சொரியும். கடைவீதிக்குத் துள்ளல் தாளம், கோயில் வளாகத்துக்குப் பண், மிரளும் ஆனைக்கொட்டிலுக்கு மந்தமான குழல். பகுதிக்கு ஒரு குழாய். குழாய்க்கு ஒரு மரக்கதவம். ஆபத்து என்றால் இசை நிற்கும், கதவங்கள் யாவும் திறக்கும், அறிவிப்போன் குரல் ஒரே மூச்சில் ஊர் முழுவதும் போகும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர் நாச்சியாரே. அதில் அவருக்குப் பெருமை உண்டு என்று எழுதச் சொன்னார். எழுதியபின், இருந்தது என்று திருத்தச் சொன்னார்.

இளவரசருக்குப் புதிய பள்ளியறை கட்டியபோது, அங்கும் இசை வேண்டுமென்று நாச்சியார் விரும்பினார். தனிக்குழாய் இறக்க மழைக்காலம் முடிய வேண்டும் என்றார் கொத்தனார். அதுவரை பொறுக்க மனமில்லை. அரண்மனைக்கு அடியில் ஓடும் ஏரிக்கரைக் குழாயிலிருந்தே ஒரு கிளை இழுக்கப்பட்டது. ஆக, இரண்டு இடத்துக்கு ஒரே கதவம். அதை மூடினால் ஏரிக்கரை வலைஞர் தெருவும் சேர்ந்து ஊமையாகும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாமல் நடந்தது என்ற சொல் இவ்வோலையில் எங்கும் வரக்கூடாது என்பது அவர் கட்டளை.

இளவரசருக்குக் காய்ச்சல் கண்டது. தூக்கமில்லாமல் துவண்ட குழந்தை ஒரு நண்பகலில்தான் தாயின் தோளில் கண்ணயர்ந்தது. குழாயிசை அதை எழுப்பிவிடாதிருக்க, நாச்சியார் உடனே தம் மோதிரத்தைக் கழற்றித் தோழியிடம் கொடுத்து, ஏரிக்கரைக் கதவத்தை மூடி அரக்குமுத்திரை இட்டுவரப் பணித்தார். அரச முத்திரை இட்ட கதவத்தை அதே மோதிரம் வந்தாலன்றி எவரும் திறக்கலாகாது. திறந்தால் அது அரசத் துரோகம். இந்த நாட்டின் வழக்கம் உமக்குத் தெரியாததல்ல.

அப்பொழுதுதான் ஏரியின் கரை வெடித்தது.

அறிவிப்போன் கொம்பு ஊதினான். விடங்கன் கதவம் கதவமாய்த் திறந்துகொண்டே ஓடி, கடைசிக் கதவத்தில் சிவந்த அரக்கைக் கண்டு நின்றான். மோதிரம் கேட்டு ஏவலனை அந்தப்புரத்துக்கு விரட்டினான். மூச்சிரைக்க வந்தவனைத் தோழி வாசலிலேயே மறித்து, "மெல்லடா! பிள்ளை இப்பத்தான் கண்ணை மூடியிருக்கு. உன் தலை போற அவசரமா?" என்று அதட்டினாள். நாச்சியாரின் காதில் அது விழுந்தது. என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, உதட்டின்மேல் விரலை வைத்தார். அந்த விரலைத்தான் இப்போது அடிக்கடி பார்த்துக்கொள்கிறார்.

காத்திருந்து பயனில்லை என்று விடங்கன் முத்திரையை உடைத்துத் திறந்தபோது, ஏரிக்கரையில் வெண்கலப் பூவின் கழுத்துவரை நீர் ஏறிவிட்டது. மற்றத் தெருக்காரர் எல்லோரும் மேடேறிப் பிழைத்தார்கள். வலைஞர் தெருவில் எச்சரிக்கை கேளாமல் வலை பின்னியபடி இருந்த கொழுவன் வெள்ளத்தோடு போய்விட்டான்.

நியாயசபையில் அவன் மனைவி செம்பியாள் அழவில்லை. "ஊருக்கெல்லாம் ஊதினீங்களே ஐயா, எங்க தெரு ஊரில்லையா?" என்று மட்டும் கேட்டாள். திரைக்குப் பின்னால் நாச்சியார் இருந்தார். கதவம் மூடியது யார் என்று சபையோர் வினவ, விடங்கன் தன் கைவசம் இருந்த கதவம், தன் குற்றமே என்றான். ஏவலனும் தோழியும் தரையைப் பார்த்தார்கள். நாச்சியார் ஒரு சொல் சொன்னால் போதும், சொல்லவில்லை. ஆயுள்வரை உப்புத்தீவு என்று தீர்ப்பாயிற்று.

ஏன் சுமந்தாய் என்று அடியேன் சிறையில் கேட்டதற்கு, "நாச்சியார் பேரைச் சொல்லித்தானே சாமி குழாயில கூவுறோம்? அந்தப் பேரு கெட்டா, நாளைக்கு வெள்ளம்னு கத்தினாலும் எவன் நம்புவான்?" என்றான். அதை அடியேன் நாச்சியாரிடம் சொன்ன பிறகு அவர் உணவு கொள்ளவில்லை.

இன்று காலை அவர் நாதமாடம் ஏறினார். இசை நிறுத்தப்பட்டது. எல்லாக் கதவங்களும் திறக்க, மேலே எழுதியதை ஒன்றும் குறைக்காமல் தம் குரலிலேயே ஊருக்குச் சொன்னார். இடையில் ஒருமுறை குரல் உடைந்தது. அதுவும் எல்லாத் தெருவுக்கும் போயிற்று. செம்பியாள் சேறு காயாத தெருவில், வெண்கலப் பூவுக்கு நேரே நின்று கேட்டாளாம். முடிந்ததும், "இப்பக் கேக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாளாம். மன்னித்தாள் என்று நாம் எழுதுவதற்கில்லை.

ஆதலால் ஆணை யாதெனில்: விடங்கன் விலங்கு நீங்கி, உம் குதிரையிலேயே நகர் திரும்பி, தன் பதவியில் மீண்டும் அமர்க. இளவரசர் அறைக்கு ஓடும் கிளையை அடைக்கலாகாது. ஏரிக்கரையில் ஒலிக்கும் எச்சரிக்கை எதுவும் அரண்மனைத் தூக்கத்தையும் கலைக்கட்டும். ஆபத்து வேளையில் எந்த முத்திரையும் எந்தக் கதவத்தையும் தடுக்காது.

இவ்வோலையில் முத்திரை காணாமல் நீர் திகைப்பீர். நாச்சியாரின் கைத்தடத்தை மையில் பதித்திருக்கிறோம். விரல்கள் ஐந்தும் தெளிவாய் உள்ளன. மோதிரம் இனி இல்லை. அதை உருக்கி ஆணியாக்கி, ஏரிக்கரைக் கதவத்தைத் திறந்தபடியே சுவரோடு அறைந்தாயிற்று. ஐயமிருப்பின் நேரில் வந்து தொட்டுப் பாரும்.

ஏரி நிறைக; கரை நிலைக்க; கேளாத் தெரு இல்லாதொழிக.