தொடைச் சதையில் தெரிந்துவிடுமா

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் என்று ஆரம்பித்துவிட்டேன், அதை அடித்துவிட்டு நான் என்று மேலே எழுதியிருக்கிறேன், அந்தக் கிறுக்கலைப் பார்த்துக் கிண்டல் பண்ணாதே, கைக்குப் பழக்கம் போகவில்லை. நான் சுகமாக இருக்கிறேன், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சளி கிளி பிடிக்காமல் இருக்க வேண்டும். உன் அப்பா போய் இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். லீவு கிடைக்காமல் வர முடியவில்லையே என்று நீ அழுவதைக்கூடத் தாங்கிக்கொள்கிறேன். கடைசி வரைக்கும் அப்பா எங்கிட்ட பேசாமலே போயிட்டாரே என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவில் ஏதாவது கேலி பேசி மழுப்பிவிடுவேன், என்னை உனக்குத் தெரியாதா. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் துணி தேய்க்கிற ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சிக்கு நானும் அப்பாவும் பேர் கொடுத்தோம் என்று சொன்னேன் அல்லவா. சர்க்கரை உள்ளவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் எடை தூக்க வேண்டும், மொத்தம் பதினாறு வாரம். ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை, தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு அரிசி அளவு சதை எடுப்பார்கள், ரத்தமும் எடுப்பார்கள். சலவைக்கூடத்துக்கு மேல்மாடியில் நீளமான அறை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, தரையெல்லாம் ரப்பர் நாற்றம். அங்கே அப்பாவை நான் சும்மா விடுவேனா. முப்பது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஊரையே ஏத்தி இறக்கின மனுஷன், நாலு கிலோவுக்கு எப்படி மூச்சு வாங்குறார் பாருங்க என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அன்றிலிருந்து அங்கே அவருக்குப் பயில்வான் என்றே பேர். அவருக்கும் உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது, கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்ப்பார், நான் திரும்பினால் சட்டைக்கையைச் சரிபண்ணுகிற மாதிரி நடிப்பார்.

ஐந்தாவது வாரம் டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து எதற்காக இவ்வளவு பாடு என்று விளக்கிச் சொன்னார். சர்க்கரைக்காரர்களுக்கு உடம்புக்குள்ளே அழற்சி என்று ஒன்று, வெளியே புண்ணே இல்லாமல் உள்ளே கனன்றுகொண்டே இருக்குமாம். சதைக்குள் ஸ்ட்ரெஸ் புரோட்டீன் என்று ஒன்று இருக்கிறதாம், எடை தூக்கினால் அது கூடுகிறதா, அழற்சி குறைகிறதா, அதைத்தான் அந்தத் துண்டுச் சதையில் பார்க்கிறோம் என்றார். ஸ்ட்ரெஸ் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே, மனக்கஷ்டம். அன்று வீடு திரும்பியதும் அப்பா நம் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, அந்தச் சதையை எடுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமா என்று கேட்டார். என்னங்க தெரியும் என்றேன். ஒருத்தன் மனசுல வெச்சிருக்கறது என்றார். என் வாய்தான் சும்மா இருக்காதே. ஏன் தெரியாம, பொண்ணை நெனச்சு உருகினதெல்லாம் தேதிவாரியா வரும், டாக்டரம்மா எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டுவாங்க, உங்க வீராப்பு சந்தி சிரிக்கப் போவுது என்றேன். நானே சொல்லி நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிப் போனார்.

அடுத்த வாரம் முட்டி வலி என்றார். அதற்கடுத்த வாரம் வேலை இருக்கிறது என்றார். அப்புறம் நீ போ, எனக்கு வேணாம் என்று பேரையே எடுக்கச் சொல்லிவிட்டார். சோம்பேறிப் பயில்வான் என்று அதற்கும் கேலி பேசினேன், காரணம் அப்போது புரியவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்பதை நீ டிக்கெட் எடுத்த பிறகுதானே அவரிடம் சொன்னாய், போறவ போகட்டும், எனக்கொண்ணும் கவலையில்லை என்று அன்றைக்குச் சொன்னவர், நாலு வருஷமாகக் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நீ கூப்பிட்டால் போனைத் தொட மாட்டார், ஆனால் நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த அறையை விட்டுப் போகவும் மாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் அரிசி அளவு சதை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்துபோனார். பதினோராவது வாரம் ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி ஷூ போட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார், அது உனக்குத் தெரியும்.

காரியம் முடிந்ததும் நான் மட்டும் போய்ப் பதினாறு வாரத்தையும் முடித்தேன், போன செவ்வாய்க்கிழமை எனக்கு முடிவு சொன்னார்கள். அந்த ஸ்ட்ரெஸ் புரோட்டீன் நல்லா கூடியிருக்கும்மா, அழற்சியும் கொறஞ்சிருக்கு என்று டாக்டரம்மா சந்தோஷமாகச் சொல்ல, நான் ஓவென்று அழுதுவிட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மாடிப்படியில் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அது மனக்கஷ்டம் இல்லம்மா, சதைக்குச் சுமை வரும்போது உள்ளே எதுவும் கெட்டுப்போகாம தாங்கிப் பிடிக்கிற காவல்காரன், சர்க்கரைக்காரங்களுக்கு அது கொறஞ்சிருக்கும்னுதான் எங்க கவலையே என்றார். எங்க வீட்டுக்காரர் விடாம தூக்கியிருந்தா பிழைச்சிருப்பாரா என்று கேட்டேன். இதயம் ரொம்ப நாளாவே பலவீனமா இருந்திருக்கு, உங்க பேச்சால ஒண்ணும் ஆகலை என்று கையைப் பிடித்துக்கொண்டார். விடாமல், அவரோட மொதல் சதையைப் பார்த்தீங்களே, அதுல என்ன இருந்துச்சு என்றேன். காவல் கம்மியா இருந்துச்சு, அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதானா என்று எனக்கு ஆகிவிட்டது. எவ்வளவு பைத்தியக்காரி பார், உன்னைப் பற்றி அதில் ஏதாவது இருக்கும் என்று நம்பிப் போயிருக்கிறேன்.

எடை தூக்காததற்காக நான் அழவில்லை கண்ணு. நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அவர் தன் வாயால் உன்னைப் பற்றிக் கேட்டது அந்தப் படிக்கட்டில்தான், பேரைச் சொல்லாமல் கேட்டார். அந்த நிமிஷமே உனக்கு போன் போட்டு அவர் கையில் கொடுத்திருந்தால் பேசியிருப்பார். நான் சிரித்துத் தொலைத்தேன். அப்பா உன்னிடம் கோபத்தோடு போகவில்லை, உன் மேல் இருந்த பாசத்தை மறைக்க இடம் இல்லாமல் தவித்துப் போனார், அதை மட்டும் நீ நம்பு.

நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும், எந்தக் குறையும் உன்னை அண்டக்கூடாது. அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை, அதனால் நீ இந்த மாதமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். அதை உன் அப்பா மாதிரி உள்ளே வைத்துக்கொள்ளாதே, உடனே கூப்பிட்டுத் திட்டிவிடு. எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் வாயாடி அம்மா