பெரிய கித்தார் என் மடிக்கு அடங்கவில்லை

என்னைத் தனியே விட்டுவிட்டுப் போன என் ராசாவுக்கு,

பாகூரில் மழை பிடித்துக்கொண்டது. ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, நம் கழனியில் நடவும் ஆயிற்று. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். எந்தக் கித்தார் யாருக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்தபோது நீங்கள் வாங்கியவை இரண்டு. சின்னது இடுப்பு ஒடுங்கியது, நரம்பு கட்டியது. நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலை மணைமேல் தூக்கி வைத்து, அதன் இடுப்பை இடது தொடையில் பொருத்தினால் கழுத்து தானாக மேலே எழும்பும். அதில்தான் நான் வாசித்தேன். பெரியது உங்களுடையது. அகலத் தோள், பருத்த வயிறு, இரும்புக் கம்பி. அதை வலது தொடையில் சாய்த்துக்கொண்டு நீங்கள் வாசித்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

உங்கள் காரியம் முடிந்து வில்லியனூருக்குத் திரும்பும்போது உங்கள் தம்பி சவேரி சின்னதைத் தூக்கிக்கொண்டார். தூக்கிப் போக அதுதானே லேசு!

"ஒங்களுக்கு எதுக்கு அண்ணி ரெண்டு? அதான் பெருசு இருக்குதே, வெச்சிக்கோங்க" என்றார். அழுது வீங்கிய முகத்தோடு நான் உள்ளே போய்விட்டேன்.

பெரியதோடு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வேன்? வலது தொடையில் வைத்தால் அதன் விளிம்பு அக்குளில் இடிக்கிறது, கை கம்பிவரை எட்டவில்லை. இடது தொடைக்கு மாற்றினால் மோவாயில் முட்டுகிறது. பாயில் சம்மணம் போட்டுப் பார்த்தேன். வழுக்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது. கழுத்தின் முனைக்கு இடது கையை நீட்டினால் தோள்பட்டை இழுக்கிறது. உங்கள் உடம்புக்கு அளவெடுத்தது போல இருந்தது அது. என் உடம்பில் எங்கே பொருந்தும்?

போன வாரம் வண்டி கட்டி, பெரியதை ஏற்றிக்கொண்டு வில்லியனூர் போனேன், மாற்றிக்கொள்ளலாமென்று. சவேரி வாசித்துக்கொண்டிருந்தார். அவர் தொந்திக்கும் தொடைக்கும் நடுவில் சின்னது காணாமல் போயிருந்தது. முதுகைக் கூனிக்கொண்டு, தடித்த விரல்களால் ஒரு தந்தியை அமுக்கினால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து அமுங்கியது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் அவர் நரம்பை அவிழ்த்துவிட்டு இரும்புக் கம்பி பூட்டியிருந்தார்!

"இன்னா தம்பி இது?"

"நரம்புல சத்தம் பத்தல அண்ணி. ஊருக்கே கேக்க வேணாமா?"

வாங்கிப் பார்த்தேன். கம்பி இழுத்த இழுப்பில் முன்பலகை வீங்கியிருந்தது. தந்திகளைக் கட்டும் குதிரை எழும்பி, அடியில் என் நகம் நுழைந்தது. இரும்பின் இழுப்பை அந்த மெல்லிய பலகை தாங்காது என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? சொந்தத் தம்பியிடம் மட்டும் சொல்லாமல் போனீர்களா?

நான் யாரையும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மணைமேல் காலைத் தூக்கி வைத்து, கம்பியை முறுக்கும் பிருடைகளைத் தளர்த்த ஆரம்பித்தேன். உங்கள் அம்மா கண்ணை அகல விரித்தார்கள்.

"பொம்பள இப்படியா காலத் தூக்கி வெச்சிக்கினு உக்காருவா?"

"கால எறக்குனா இது நிக்காது அத்தை."

"எம் பொருள்ல கை வைக்காதீங்க அண்ணி!" என்று சவேரி எழப் பார்த்தார். பெரியதை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "இரும்பு வேணுமில்ல? இதுல வாசிங்க."

முறைத்துக்கொண்டே கையைப் போட்டார். அது அவர் மேல் அப்படியே பொருந்தியது. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முறை மீட்டினார், வீடே அதிர்ந்தது. ஒரு நொடி நீங்களே உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்புறம் என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டுமே இங்கியே இருக்கட்டும் அண்ணி."

கத்தியிருப்பேன். அதற்குள் அவர் மனைவி லூர்து சின்னதைத் தன் பழைய புடவையில் சுற்றி வண்டியில் வைத்துவிட்டாள். "நீ கெளம்பு அக்கா. இவர நான் பாத்துக்கிறேன்."

புதுச்சேரியில் பிடில் பழுது பார்க்கிறவர் குதிரையை ஒட்டி, நரம்பும் பூட்டிக் கொடுத்தார். பலகை இன்னும் சரியாகப் படியவில்லை. அடித் தந்தி கரகரக்கிறது. கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, உங்கள் தம்பிமேல், அப்புறம் உங்கள்மேல்.

ஆனாலும் கல்லறைத் திருநாளன்று வருவேன். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மணைமேல் காலைத் தூக்கி வைத்து, கரகரப்போடே வாசிப்பேன். அத்தையும் வருவார்கள், ஊரும் வரும். யார் பார்த்தாலும் பாட்டு முடியும்வரை காலை இறக்க மாட்டேன். இது சத்தியம்.

கோபம் இன்னும் தீராத உங்கள் வீட்டுக்காரி,
தெரேசா