மூடி போட்ட தொட்டி

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம், அப்பாவின் கோபமும் குறைவில்லாமல் நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கவேண்டும். போனில் உன் தொண்டை கட்டியிருந்தது, ஆய்வகத்தில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பாய், இடத்தை மாற்றிக்கொள். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது என் நரைமுடியை எண்ணிச் சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்று அப்பா போனில் அளந்தாரே, அது சரியில்லை, தப்பு என்னுடையது. உன் ஆய்வகத்தில் செய்து நீ அனுப்பிய களிமண் உருண்டைகளைச் சிவப்புச் சாயத் தண்ணீரில் போட்டு மொட்டைமாடியில் நல்ல வெயிலில்தான் வைத்தேன், ஆனால் தொட்டிக்கு மூடி போட்டுவிட்டேன். சாயத்தொட்டியைத் திறந்து வைத்தால் தூசி விழும் என்று இருபத்தாறு வருஷமாக எல்லாரையும் திட்டியவள் நான், கை தானாக மூடிவிட்டது. மண் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், அதில் கலந்திருக்கும் வெள்ளைப் பொடி வெயில் பட்டால்தான் சாயத்தை உடைக்கும் என்று நீ தெளிவாகத்தான் எழுதியிருந்தாய், நான் முதல் பாதியைப் படித்ததோடு சரி. மறுநாள் திறந்தால் தண்ணீர் தெளிந்திருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, உடனே கழிவுநீர் ஆபீசருக்குப் போன் போட்டு, வந்து பாருங்கள், இனி வாய்க்காலில் விடலாம் என்று சொல்லிவிட்டார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டறை ஓடும், இல்லாவிட்டால் சீல்தான், பதினோரு பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான், உனக்கே தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் நூல் அலசும் அக்கா, உருண்டைகளை மறுபடி பயன்படுத்தலாமே என்று சோப்புப் போட்ட சுடுதண்ணீரில் போட்டார். சிவப்பு அவ்வளவும் திரும்ப வந்துவிட்டது. என்னம்மா இது, முழுங்கினதையெல்லாம் கக்குதே என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்பா ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, தண்ணிதான தெளிவா இருக்கு, அதைக் காட்டுவோம், மண்ணை யாரு கழுவிப் பாக்கப்போறா என்றார். எனக்கு வந்ததே கோபம். அந்த மண்ணை எங்கே கொட்டினாலும் ஒரு மழைக்கு அதே சாயம் வாய்க்காலுக்குத்தானே போகும், கீழே குளிக்கிற பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டேன். உன் அப்பா கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார், நானும் பயந்தேன்தான். ஆனாலும் மறுநாள் காலையில் நானே ஆபீசுக்குப் போய், உங்களிடம் சொன்னது தப்பு, ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், அப்ப சீல் வைக்கணுமேம்மா என்றார். வையுங்கள், ஒரு சின்னத் தொட்டியை மட்டும் விட்டுவையுங்கள் என்றேன். அப்படியே செய்தார். பதினோரு பேரும் இப்போது அந்தச் சின்னத் தொட்டி வேலைக்கு முறை வைத்து வருகிறார்கள், ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு அகலத் தட்டுகளில் சிவப்புச் சாயத் தண்ணீரை இரண்டு விரல் ஆழத்துக்கு ஊற்றி, உருண்டைகளைப் போட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை மாடிப்படிக்குக் கீழே இருட்டிலும் வைத்தோம், மூடி கிடையாது. மூன்று நாள் கழித்து இரண்டு மண்ணையும் அலசினோம். இருட்டில் இருந்தது சிவப்பைக் கக்கியது, வெயிலில் இருந்தது ஒன்றும் விடவில்லை. அக்கா நம்பாமல் மூன்று தரம் அலசினார். நிறம் போனால் விஷமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றாயே, அதனால் ஆபீசர் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார். தட்டுகளைக் கிளறுகிற வேலையை அப்பா யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், எடுத்த காரியம் முடித்து, நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மறக்காமல் எழுது. கறுப்புச் சாயம் ஐந்து நாள் வெயிலுக்கும் மசியவில்லை, நாம் விற்பதில் பாதிக்கு மேல் கறுப்புதான். அம்மா மனசு கஷ்டப்படும் என்று பூசி மெழுகாதே, உடையாது என்றால் உடையாது என்றே எழுது. கறுப்பை நிறுத்திவிட்டுச் சிவப்பை மட்டும் வைத்துக்கூடப் பட்டறையை நடத்துவேன், யாரும் கழுவிப் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி ஒரு நாளும் நடத்தமாட்டேன்.

இப்படிக்கு,
சீல் வைத்த பட்டறையிலிருந்து,
உன் அம்மா