உன் அம்மாவின் பாஷை

தோஸ்து,

இன்று காலை டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கிருந்தோ கடுகெண்ணெய் வாசனை வந்தது. குளித்துவிட்டு நீ தலையில் தேய்த்துக்கொண்டு வருவாயே, அதேதான். இரண்டு பஸ்களைப் போகவிட்டு நின்றேன்.

ராயபுரம் தோல் கிடங்கில் நான் குமாஸ்தா, நீ வாசல் காவல். அரைகுறை இந்துஸ்தானியிலும் பேட்டைத் தமிழிலும் ஏழு வருஷம் பேசினோம். எல்லோருக்கும் நீ கூர்க்கா. ஆஜர் புத்தகத்தில் உன்னை 'நேபாளி' என்று எழுதியவன் நான்தான்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில், "அம்மாவுக்கு நேபாளியில நாலு வரி எழுதிப் போடேன்" என்றேன்.

"அம்மாவுக்கு நேபாளி வராது பாய்."

"இன்னாது? நேபாளத்துல கீறவங்களுக்கு நேபாளி வராதா?"

"எங்க மலைல வேற பாஷை. ஆத்துக்கு அந்தாண்ட வேற. அதுக்கும் மேல வேற."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று சிரித்தேன். அந்தப் பாஷைக்கு என்ன பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மத்தியானம் தமிழும் இந்துஸ்தானியும் உன்னை விட்டுப் போய்விட்டன. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாய். கொருக்குப்பேட்டையில் காவல் வேலை பார்த்த இன்னொரு நேபாளியை ஓடிப்போய் அழைத்து வந்தேன். குனிந்து கேட்டவர் உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்குத் தெரியாத பாஷை பாய்."

"ரெண்டு பேரும் ஒரே தேசம்தானே?"

"தேசம் ஒண்ணுதான். இவரு கெயக்கு மலை. ராய் ஜனமோ, லிம்பு ஜனமோ, வேற யாரோ. நானு மேக்கு."

பொழுது சாய்வதற்குள் நீ போய்விட்டாய். எரிப்பதா, புதைப்பதா என்று அவரையே கேட்டேன்.

"அந்தப் பக்கம் சில ஜனம் எரிக்கும், சில ஜனம் பொதைக்கும். எனக்கு இன்னா தெரியும்? தோஸ்து நீதானே, நீயே சொல்லு."

கிடங்கு ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதைக்கச் சொன்னால், பாய் தன் வழக்கத்தை இவன் தலையில் கட்டிவிட்டான் என்பார்களோ என்று பயந்தேன். "எரிச்சிடலாம்" என்றேன். அந்தப் பயம் மட்டும் இல்லையென்றால் என்ன சொல்லியிருப்பேன்? இன்றுவரை தெரியவில்லை.

நீ கேட்டது தண்ணீரா, அம்மாவையா, மண்ணையா? காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருக்கிறேன். உன் ஊர்க்காரர் யாரைப் பார்த்தாலும், "உங்க அம்மா இன்னா பாஷை பேசுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் படித்துக் காட்டுகிறேன். ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், ஒருவருக்கும் புரியவில்லை. என் வாயில் உன் வார்த்தை எப்போதோ மாறிப்போயிருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியவில்லை.