ரெண்டு ஆழாக்கு அரிசியின் எடை

ஆவடி
கார்த்திகை, 1968

அன்பு மகள் வனஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் அம்மன் புண்ணியத்துல நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜபல்பூர் குளிர்ல உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு தினமும் விளக்கு வைக்கிறேன். நைனாவுக்கு ஃபாக்டரியில ஷிப்ட் மாத்திட்டாங்க, இருமல் தேவலை.

அங்கே படி ஆழாக்கு கிடையாது, எல்லாம் கிலோதான், தீபாவளி அதிரசம் கல்லாட்டம் ஆயிடுச்சுன்னு எழுதியிருந்தே. அதுக்காகவே ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை எத்திராஜ் கடையில தராசும் எடைக்கல்லும் கேட்டு வாங்கியாந்தேன். நம்ம ஆழாக்கு தலைதட்டி அளந்தா அரிசி நூத்தியெண்பது கிராம், எட்டு ஆழாக்கு சேர்ந்த படி ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். உளுந்தும் ஏறக்குறைய அப்படியே. ஆனா மாவு ஒரு ஆழாக்கு நூத்தியிருபதுக்கு மேல நிக்காது. நீ அரிசிக் கணக்கிலேயே மாவை நிறுத்துப் போட்டிருப்பே, அதான் இறுகிப்போச்சு.

இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், மனசு கேக்கலை. நான் நிறுத்துக்கினு இருந்தப்ப பக்கத்து ஊட்டு கெங்கம்மா முறத்துல அரிசியோட வந்தா. அவ புருஷன் துலுக்கானம் லாரியில கிளீனரா ஆந்திராவுல பெஜவாடா போனவன் ஆடியிலிருந்து திரும்பலை இல்லையா, எவளோடயோ ஓடிட்டான்னு ஊரே பேசுது, இவ மட்டும் அவனுக்கும் சேர்த்துத்தான் தினம் உலை வைக்கிறா. எனக்கும் அவருக்கும் போடற அரிசியை நிறுத்துக் காட்டு, அக்கான்னு கேட்டா. அவளுக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணுன்னு என் ஆழாக்காலேயே ரெண்டு தடவை தலைதட்டி நானே தட்டுல கொட்டினேன். நூத்தியெண்பது கிராம் கல்லுக்கே முள் நடுவுல நின்னுடுச்சு. எடைக்கல் தப்போன்னு என் அரிசியை ரெண்டு ஆழாக்கு போட்டேன், முன்னூத்தியறுபது சரியா நின்னுச்சு. அவ அரிசியைத் திரும்ப அள்ளி அளந்தா ரெண்டு ஆழாக்கு நிறைய இருக்கு வனஜா, தட்டுல கொட்டினா ஒண்ணோட எடைதான். கையில அள்ளினா பாதி அரிசி பஞ்சாட்டம் கனமே தெரியலை. அவ தட்டையே பாத்துக்கினு இருந்தா. அக்கா, அப்ப அவரு இல்ல போலகீதுன்னு மெதுவா சொல்லிட்டு அரிசியை முறத்துல வாரிக்கினு போயிட்டா. அன்னிக்கி அவ ஊட்டுல அடுப்பே எரியலை.

ஆளைக் காணோம்னு கெங்கம்மா முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தா, அதை வெச்சு மறுவாரம் ஸ்டேஷன்லேருந்து போலீஸ்காரர் ஒரு சட்டையைக் கொண்டாந்தாரு. பெஜவாடா தண்டவாளத்துல அடிபட்டு ஆடியிலேயே போயிட்டானாம், யாருன்னு தெரியாம அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம். கெங்கம்மா கிழிஞ்ச காலரைத் தடவிப் பாத்து, நான் தச்சதுதான்னு சொன்னா, அவ்ளோதான். இப்ப அவ தங்கச்சி வந்து கூட இருக்கா.

பாதி எடையிலயே முள் நின்ன அன்னிக்கே, கெங்கம்மா போனதும், உன் பேரைச் சொல்லி ஒரு ஆழாக்கு அளந்து தட்டுல கொட்டினேன். முழு எடையும் நின்னுச்சு, அப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. மாப்பிள்ளைக்கும் சரியா நின்னுச்சு, நைனாவுக்கும் நின்னுச்சு. எனக்குன்னு அளக்கலை. நைனா ஏன்னு கேட்டாரு, நான் தராசைத் தூக்கிக்கினு போய்க் கடையில குடுத்துட்டு வந்துட்டேன்.

நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நிறைஞ்சு வாழணும். மாவு கணக்கை மறந்துடாதே. கம்பளி போட்டுக்கினு படு, சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா
பஞ்சவர்ணம்